சிவப்புக் கோடு போட்ட வரிகள்

பிடரியில் கிளம்பிய வலி வலது தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி முழங்கையில் வந்து குந்தியிருந்தது. பதினாலு வயதிலிருந்து சூளையில் செங்கல் சுமந்த கழுத்து அது. சுமை இறங்கிப் பதினோரு வருடமாகியும் கழுத்து அதை நம்பவில்லை. நாற்காலியில் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், பழைய பாரமெல்லாம் வரிசையாக வந்து ஏறிக்கொள்ளும். காலையில் குடித்த டீ வயிற்றில் புளித்துக் கிடந்தது. விடுமுறை நாள், பிற்பகல் மூன்று மணி. ஊரெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கிற நேரத்தில், அவள் அச்சகத்தில் தனியாக உட்கார்ந்து யாரோ எழுதி, பாதியில் நின்றுபோன நாவலுக்கு மறுபடி முதலிலிருந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அச்சகத்தில் அவளுக்குப் பிழைக்காரி என்று பெயர். கம்ப்யூட்டரில் அடிப்பதும் அவள்தான், அடித்ததில் தப்புக் கண்டுபிடிப்பதும் அவள்தான். "கடவுள் எழுதின தலையெழுத்துலயே ரெண்டு ஒற்றுப்பிழை காட்டிடுவா" என்று பைண்டிங் ஆட்கள் சிரிப்பார்கள். இன்று சிரிக்க ஆளில்லை. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறக்கியிருந்தது. அதன் அடியில் நுழைந்த வெயில் தரையில் ஒரு முழம் ஊர்ந்து வந்து, காகிதத் தூசியில் மங்கி, அப்படியே நின்றுவிட்டது. மையும் பசையும் ஈரக்காகிதமும் கலந்த வாடைக்கு மேலாக, உள்ளே கட்டிங் மெஷின் இருக்கும் அறையிலிருந்து பினாயில் நெடி வந்துகொண்டிருந்தது. ஐந்து வாரமாகக் கழுவுகிறார்கள். எதைக் கழுவினார்களோ அது போய்விட்டது. நெடி போகவில்லை.

எண்பதாவது பக்கத்தில் முதல் சிவப்புக் கோடு வந்தது. அவள் கண் அந்த வரியில் ஏறியபோது, மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த காலி நாற்காலியிலிருந்து ஒரு குரல், மிகச் சாதாரணமாகச் சொன்னது.

"சாய்வு."

அவள் நிமிரவில்லை. காதுக்குப் பழக்கம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். செத்துப்போன பல்லில் வலி இருப்பதில்லையா, அதுபோல.

பழக்கம்தான். பதினோரு வருடப் பழக்கம். அந்த அச்சகத்தில் பிழை பார்ப்பது இரண்டு பேர் வேலை. எதிர்நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பார். இவள் அடித்த பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டே போவாள். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. செங்கல் சூளையிலிருந்து இவளை இங்கே கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவர், அதனால் அண்ணன். கதையில் ஒருவர் வாய்விட்டுப் பேசுவதும் மனசுக்குள் நினைப்பதும் ஒன்றாக இருக்கக் கூடாது. நினைப்பதைச் சாய்வெழுத்தில் போட வேண்டும், எழுதுகிறவர்கள் அந்த வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்து அனுப்புவார்கள். அண்ணன் அந்த இடம் வந்ததும் "சாய்வு" என்பார். அதிலிருந்து குரல் இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத கிசுகிசுப்பில், ஒருவர் மனசுக்குள் ஓடுவது எப்படி ஓடுமோ அப்படி வாசிப்பார். நினைப்பு முடிந்ததும் "நேர்" என்பார். குரல் மேலே வந்துவிடும். சாய்வு என்றவர்தான் நேர் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடிக்கிறவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போவாள், கதை முழுக்கச் சாய்ந்துவிடும், யாரும் எதையும் வாய்விட்டுப் பேசாத ஒரு புத்தகம் கட்டாகி வெளியே போகும். ஒருமுறை போனது. முதலாளி இரண்டு பேரையும் நாள் முழுக்கத் திட்டினார்.

ஷட்டர் கடகடவென்று ஏறியது. முதலாளி குனிந்து உள்ளே வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் மடித்த தாள்.

"எத்தனை பக்கம் ஆச்சு?"

"எண்பது, சார்."

"எண்பதா? நத்தைகூட உன்னை ஓவர்டேக் பண்ணும். அது கிடக்கட்டும், முதல்ல இதை அடி." தாளை மேஜையில் போட்டார். "நாளைக்குப் பத்து மணிக்குத் தொழிலாளர் ஆபீஸர் வர்றாரு. உன் வாக்குமூலம். நீயே அடிச்சு, நீயே கையெழுத்துப் போட்டு வை."

அவள் பிரித்துப் பார்த்தாள். ஐந்து வாரத்துக்கு முன் அண்ணன் கையை வெட்டி உயிரைக் குடித்த கட்டிங் மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும், கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக. அதில் ஒரு பட்டனை எப்போதும் அமுங்கியே இருக்கும்படி டேப் சுற்றி வைத்திருந்தது யார் என்பதுதான் கேள்வி. *மேற்படி டேப்பை ஒட்டியது இறந்தவரே என்பதை நான் கண்ணால் பார்த்தேன்* என்று முதலாளியின் கோழிக் கிறுக்கல் சொன்னது.

"நான் பாத்தேன்னு இருக்கே, சார்."

"பாக்கலைன்னு முன்னாடி சொன்னே. ஆபீஸர் அது பத்தாதுங்கறாரு. பாத்தேன்னு சொல்லிட்டா கேஸ் முடிஞ்சுது." அவர் மேலே கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேல் இருப்பது அவள் அறை. அவளும், பத்தாவது படிக்கிற மகளும் குடியிருக்கிற அறை. "மேல ஒழுகுதுன்னு சொன்னியே, பொண்ணு பரீட்சை முடியட்டும், ஆள் விட்டுப் பாக்கச் சொல்றேன். உன்னை என்னிக்காவது காலி பண்ணுன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல, சார்."

"அப்புறம் என்ன?"

அப்போது அவர் போன் அடித்தது. நாவலை எழுதியவர். முதலாளி சத்தமாக வைத்துக்கொண்டு பேசினார்.

"அந்த மண்ணு சுமக்கிற பொண்ணு மனசுல ஓடுற பகுதியெல்லாம் கொஞ்சம் வெட்டிடலாம் சார்," என்றது போன். "படிச்சவங்க சொல்றாங்க, நம்பற மாதிரி இல்லையாம். கூலிக்காரி இவ்வளவு யோசிப்பாளான்னு கேக்கறாங்க."

"நியாயம்தான் சார். எனக்கே தோணுச்சு," என்றார் முதலாளி.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. சூளையில் கற்றுக்கொண்ட முகம் அது, மேஸ்திரி எதைச் சொன்னாலும் செங்கல் மாதிரி இருக்கும். உள்ளேதான் சூளை.

முதலாளி கிளம்பினார். "அஞ்சு மணிக்கு வர்றேன். எவனாவது பில்லு போடணும்னு வந்து உயிரை எடுப்பான், பூட்டிட்டுப் போறேன்." ஷட்டர் முழுசாக இறங்கியது. பூட்டு விழுந்தது. தரையில் ஒரு முழம் வெயில் இருந்ததே, அதுவும் போயிற்று.

குழல்விளக்கின் ரீங்காரம். கம்ப்யூட்டரின் மூச்சு. அவளுடைய மூச்சு. நாலாவதாக இன்னொன்று, காகிதத்தை எச்சில் தொட்டுப் புரட்டுகிற ஈரச் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு கிசுகிசுப்பு.

"சுமந்தவளுக்கு யோசிக்கிறதைத் தவிர வேற என்னடா வேலை இருந்துச்சு. கை ரெண்டும் தலைமேல. வாயில சும்மாட்டுத் துணியோட நுனி. மூளை ஒண்ணுதானடா சும்மா இருந்துச்சு."

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றுவிட்டன. நாவலில் அப்படி ஒரு வரி இல்லை. அது அவள் நினைத்தது. போனில் அந்த ஆள் பேசியபோது, முகத்தைச் செங்கலாக வைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை அவள் நினைத்தது.

எதிரே பார்த்தாள். நாற்காலி காலி. அதன் முன்னால் மேஜை மேல் கையெழுத்துப் பிரதியின் மிச்சக் கட்டு. கட்டின் நடுவே ஒரு சிவப்புப் பென்சிலின் நுனி துருத்திக்கொண்டிருந்தது. ஐந்து வாரமாக யாரும் உருவாத பென்சில்.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது கோபம். அவள் வர்க்கத்தில் அதுதான் முதலில் வரும், பயப்பட நேரம் கிடைப்பதில்லை. "என்னண்ணே," என்றாள் காலி நாற்காலியைப் பார்த்து. "செத்தும் வேலை பாக்கறியா? உயிரோட இருந்தப்பவே லீவு குடுக்க மாட்டான் அந்த ஆளு."

அவள் வெடுக்கென்று திரும்பி வாக்குமூலத்தை அடிக்கத் தொடங்கினாள். தட்டுகிற ஓசையில் எல்லாம் மூழ்கட்டும் என்று ஓங்கித் தட்டினாள். எட்டே வரி. அச்சுக்குக் கொடுத்தாள். பிரின்டர் முனகி, தாளைத் துப்பியது.

எட்டு வரி அல்ல. ஒன்பது.

கடைசி வரி சாய்ந்திருந்தது. *டேப்பைச் சுற்றினது முதலாளி.*

திரையைப் பார்த்தாள். எட்டு வரிதான் இருந்தது. தாளைக் கசக்கி எறிந்தாள். மறுபடி அச்சிட்டாள். தாள் வந்தது, சூடாக, பசை நெடியோடு. பத்து வரி. *டேப்பைச் சுற்றினது முதலாளி. ஒரு கையால் அழுத்தினால் நாளுக்கு நானூறு கட்டு கூட வெட்டலாம் என்றார்.*

மூன்றாவது முறை அவள் அச்சிடவில்லை. பிரின்டர் தானே இழுத்துக்கொண்டது.

அவள் தாளைத் தொடவில்லை. எதிர்நாற்காலி வாசித்தது. அதே குரல், மூக்கடைப்போடு, ஒவ்வொரு ஒற்றுக்கும் கொஞ்சம் நின்று.

"கத்தரிக்கோல் எங்கேன்னு கேட்டார். என் மேஜையிலதான் இருந்துச்சு. நான்தான் எழுந்து போனேன். அவர் டேப்பை இழுத்துப் பிடிச்சார். வெட்டினது நான்."

"இல்ல," என்றாள் அவள்.

"வெட்டினது நான். அண்ணன் பாத்துட்டு இருந்தார். இது சரியில்லையேம்மான்னு சொன்னார். நான் சிரிச்சேன்."

"நிறுத்துண்ணே."

"ஏன் சிரிச்சேன்னா, முதலாளி பாத்துட்டு இருந்தார்."

மகளிடம் சொல்லாதது. அண்ணன் பெண்சாதி இரண்டு முறை வாசலில் வந்து நின்று, "நீ பக்கத்துல இருந்தியேம்மா, என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டபோது மென்று முழுங்கியது. ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாதது. அதை ஒருவர் ஒற்றுப்பிழை இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து ஷட்டருக்கு ஓடினாள். இரும்பு வெயிலில் கொதித்துக் கிடந்தது. உள்ளங்கை பொரிந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் வெளியே தெரு செத்துப்போய்க் கிடந்தது. திரும்பினாள். கட்டிங் அறைக்குக் கதவு கிடையாது. இருட்டுக்குள் சாக்குப் போர்த்திய மெஷின், மண்டியிட்ட ஆள் மாதிரி. பட்டன் இருக்கும் பக்கத்தில் சாக்கு கொஞ்சம் விலகியிருந்தது. காலையில் விலகியிருந்ததா? விபத்து நடந்த சாயங்காலமே முதலாளி டேப்பைப் பிய்த்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார். பசையின் தடம் மட்டும் பட்டனைச் சுற்றி வளையமாக இருந்தது. அந்த வளையத்தில் காகிதத் தூசி ஒட்டி ஒட்டி, இப்போது வெள்ளையாகத் தெரிந்தது.

டொக்.

காகிதக் கட்டை அமுக்கிப் பிடிக்கிற இரும்புத் தகடு இறங்கும் ஓசை. அது இறங்கினால் அடுத்து கத்தி. பதினோரு வருடம் கேட்ட ஓசை. கரண்ட் இணைப்பைப் பிடுங்கி ஐந்து வாரமாகிறது.

அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது. ஞாபகம் வந்துவிட்டது. வராமலிருக்க ஐந்து வாரம் தள்ளிக்கொண்டு போன ஞாபகம். இதே நாவல். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அண்ணன் "சாய்வு" என்றார். குரலை இறக்கி நாலு சொல் வாசித்திருப்பார். உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்: "யோவ், கட்டிங் ஆள் வரலை. ஒரே ஒரு கட்டு வெட்டிக் குடுத்துட்டுப் போய் உன் கதையைப் படி." அண்ணன் பக்கத்துக்குள் சிவப்புப் பென்சிலை வைத்து மூடினார். "வந்துடறேம்மா" என்றார். எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் கத்தரிக்கோலோடு அவளும் உள்ளே போனாள்.

நேர் என்று சொல்லவில்லை.

யாருமே சொல்லவில்லை. அன்றிலிருந்து எல்லாம் சாய்ந்தபடியே ஓடுகிறது. அன்றிலிருந்து அவள் நடந்ததில் ஒன்றையும் வாய்விட்டுப் பேசவில்லை. ஊமை கண்ட கனவு மாதிரி உள்ளேயே.

"நேர்," என்றாள் அவள். "நேர். நேர்."

நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கிசுகிசுத்தது. இந்த முறை வாசித்தது அவளுடையது அல்ல.

"கை எங்கே விழுந்துச்சுன்னு நான் பாக்கலை. அவ பாத்துட்டு நிக்கிறாளான்னுதான் பாத்தேன். நின்னா. கையில கத்தரிக்கோல் இருந்துச்சு. சரி, புள்ள பாத்துடுச்சு, சொல்லிடும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வலிக்கலை."

அவள் அழவில்லை. ஆத்திரம் ஏறியது. முதலாளி மேல். மண்ணு சுமக்கிறவள் யோசிப்பாளா என்று கேட்ட நாவல்காரன் மேல். பத்தாது, பார்த்தேன் என்று சொல் என்கிற ஆபீஸர் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரை ஒழுகாமலிருந்தால் போதும் என்று ஒரு மனுஷனை மண்ணுக்குள் தள்ளி மேலே உட்கார்ந்திருக்கிற இந்தக் கழுத்துவலிக்காரி மேல். நாசமாய்ப் போன அறை. போகட்டும். மகளோடு சூளைக்கே திரும்பிப் போனாலும் போகட்டும்.

"சொல்லிடறேண்ணே," என்றாள். "எழுதியே குடுத்துடறேன்."

தாளை இழுத்தாள். மூன்றாவது அச்சு. கையில் எடுத்ததும் அதில் எட்டு வரிதான் இருந்தது, யோக்கியமாக, நேராக. அதன் கீழே எழுத வேண்டும். பேனாவைத் தேடினாள், அகப்படவில்லை. எதிரே கட்டிலிருந்து துருத்திய பென்சிலை வெடுக்கென்று உருவினாள். வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்திருந்து விட்ட மாதிரி.

எழுதினாள். *மேலே இருப்பது பொய். டேப்பைச் சுற்றியது முதலாளி. வெட்டிக் கொடுத்தது நான். அண்ணன் வேண்டாம் என்றார்.* அதன் கீழே கையெழுத்துப் போட்டாள், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

கிசுகிசுப்பு நின்றது. அறை முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது. கழுத்து வலிகூட விட்டது. பதினாலு வயதுக்குப் பிறகு முதல் தடவையாகத் தலைமேல் ஒன்றும் இல்லை. எழுதியதை ஒருமுறை படித்தாள். பிழை இல்லை. முதலாளி கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே என்று பட்டது. எவன் கண்ணுக்கும் தப்பக் கூடாது. பதினோரு வருடம் பழகிய கை, அவளைக் கேட்காமல், அந்த நாலு வாக்கியத்துக்கும் அடியில் நீளமாக, நேராக, கோடு இழுத்தது.

சிவப்புக் கோடு.

இழுத்து முடித்த பிறகுதான் பார்த்தாள்.

எதிர்நாற்காலி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"சாய்வு."

ஷட்டர் ஏறியது. சாயங்கால வெளிச்சம் குபீரென்று உள்ளே கொட்டியது. முதலாளி. வாயில் பல்குச்சி. "முடிச்சியா?"

அவள் எழுந்து நின்று சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். டேப், கத்தரிக்கோல், சிரித்தது, நானூறு கட்டு, அண்ணன் கடைசியாகத் திரும்பிப் பார்த்த பார்வை. உரக்கச் சொன்னாள். நரம்பு புடைக்கச் சொன்னாள். நீ கொலைகாரன், நானும்தான் என்றாள்.

முதலாளி பல் குத்திக்கொண்டே மேஜையைப் பார்த்தார். "ஏம்மா, கேக்கறேனில்ல? வாயில என்ன?"

அவள் கத்தினாள். அவளுக்குத் தன் குரல் கேட்டது. தலைக்குள்ளே. தலைக்குள்ளே மட்டும்.

அவர் தாளை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய எட்டு வரியையும் படித்தார். சிவப்பு எழுத்துகளின் மேல் அவர் கட்டைவிரல் நடந்து போனது. போய், கையெழுத்தில் வந்து நின்றது.

"நடுவுல எதுக்கு இவ்வளவு இடம் விட்டிருக்கே? பரவால்ல." மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? பேச மாட்டியா? சரி. மௌனம் சம்மதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க."

அவள் அவர் சட்டையைப் பிடித்தாள். பிடித்ததாக நினைத்தாள். கைகள் இரண்டும் விசைப்பலகை மேல் இருந்தன.

"மிச்சத்தையும் முடிச்சிடு. கூலிக்காரி நெனைக்கிறதையெல்லாம் வெட்டிடு." ஷட்டர் இறங்கியது. பூட்டு.

உள்ளே, டொக்.

எதிரே மேஜை விளிம்பில் ஒரு கை ஏறியது. முழங்கை வரைக்கும்தான். அதற்கு மேலே ஒன்றும் இல்லை, கட்டு வெட்டிய விளிம்பு மாதிரி சுத்தமான ஒரு வெட்டு. விரல்கள் பிரதியை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்தன. மேஜையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்தன. பக்கத்தை நீவிவிட்டு, விட்ட இடத்தைத் தேடி, அதற்கு அடியில் கோடு இழுக்கத் தொடங்கின. வரி முடிந்தும் நிற்கவில்லை. பக்கம் தாண்டி, மேஜை தாண்டி, விசைப்பலகை தாண்டி, ஈரமாக, அவளுடைய மணிக்கட்டை நோக்கி.

நாளைக் காலை பத்து மணி வரும். ஆபீஸர் வருவார். வாசலில் அண்ணன் பெண்சாதியும் வந்து நிற்பாள்.

அந்தப் பெண்சாதிக்கு இவள் தர வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: உன் புருஷன் வேண்டாம் என்றான், டேப்பை வெட்டிக் கொடுத்தது நான். அது இன்னும் பாக்கி.